இறகில் ஒட்டாத பேண்டேஜ்: கோழிக்குஞ்சுக்கு வாங்கலாமா?

கோழிக்குஞ்சின் உடைந்த காலில் சுற்ற, மருந்துக்கடையில் ‘கோஹெசிவ் பேண்டேஜ்’ என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். வெறுமனே பேண்டேஜ் என்றால் கிளிப் வைத்த கிரேப் பேண்டேஜை நீட்டுவார்கள். அதைக் குஞ்சின் காலில் சுற்றினால் பாயில் சுருட்டிய மாதிரி ஆகிவிடும். பெரம்பூரில் நான் வாங்கிய ரோல் இரண்டு அங்குல அகலம், நாலரை மீட்டர் நீளம், விலை நூற்றுச் சொச்சம் ரூபாய். தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும், தோலிலும் இறகிலும் ஒட்டாது. அந்த ஒரு குணத்துக்கே காசு சரியாகிவிட்டது. சாதாரண பிளாஸ்திரியைப் பிரிக்கும்போது தூவியும் சேர்ந்து பிய்ந்து வரும், குஞ்சு கத்துகிற கத்தலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

எங்கள் மாடியில் வளர்வது சிறுவிடைக் கோழி. ஒரு மாதக் குஞ்சு ஒன்று கூண்டுக் கம்பியில் காலை மாட்டிக்கொண்டு இழுத்ததில், முட்டிக்குக் கீழே செதில் இருக்கிற பகுதியில் எலும்பு முறிந்துவிட்டது. “புத்தூர் கட்டு போட்டுடேன்” என்றார் மாமியார். அதில் முட்டை வெள்ளைக்கரு பூசுவார்களே, கோழிக்கே முட்டை வைத்துக் கட்டுவதா என்று அவரே சிரித்தும்விட்டார். அப்புறம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போனோம். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. நாய்களுக்கு நடுவே அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தது நான்தான்.

முறிவு முட்டிக்குக் கீழே இருந்தால்தான் பேண்டேஜுக்கு வேலை. தொடை எலும்பு உடைந்திருந்தால் சுற்றி நிறுத்த இடமே இல்லை, அது டாக்டர் பாடு. பேண்டேஜை அரை அங்குல அகலத்துக்குக் கீறிக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் பஞ்சு, இரண்டு பக்கமும் ஜூஸ் ஸ்ட்ராவை நீளவாக்கில் பிளந்த துண்டு, அதன்மேல் சுற்று. இது நீளும் துணி, இழுத்துச் சுற்றினால் மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே போகும். விரல் வீங்கினாலோ, சில்லிட்டாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். குஞ்சுக்கு எலும்பு சீக்கிரம் கூடும், மூன்று வாரம் போல ஆகும். அதுவரை தனிப்பெட்டி, தீவனமும் தண்ணீரும் எட்டுகிற தூரத்தில்.

நொண்டுகிற குஞ்சுக்கெல்லாம் இதைச் சுற்றாதீர்கள். விரல்கள் உள்பக்கம் சுருண்டிருந்தால் அது பெரும்பாலும் பி2 வைட்டமின் குறைவு. நொய்யை மட்டும் போட்டு வளர்த்தால் வரும், கேட்பது கட்டு இல்லை, நல்ல குஞ்சுத் தீவனம். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு கிடந்தால் மாரெக்ஸ் நோயோ என்று சந்தேகப்பட வேண்டும். அது வைரஸ், குணமாக்க மருந்து கிடையாது. பொரித்து ஓரிரு நாளான குஞ்சு வழுக்குகிற செய்தித்தாள் மேல் கால் அகண்டு போய்க் கிடந்தால் மட்டும் இதே ரோல் அருமையாக உதவும்: சின்னத் துண்டால் இரண்டு காலையும் இயல்பான இடைவெளி விட்டு இணைத்து, தரையில் சொரசொரப்பான துணியை விரித்துவிடுங்கள்.

வலி மாத்திரை கொடுக்கிற யோசனை வேண்டவே வேண்டாம். டைக்ளோஃபெனாக் என்கிற வலி மருந்தைக் கொடுத்த மாட்டின் சடலத்தைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்ததால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். வீட்டு டப்பாவில் இருப்பதைப் பொடித்துக் குஞ்சின் வாயில் ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குறை என்றால் இரண்டு. நம்மூர்ப் புழுக்கத்தில் ஓரம் சுருண்டு ஈரம் கோத்துக்கொள்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தில் நனைந்தால் காயவைத்துப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். இன்னொன்று நிறம். கடையில் இருந்தது பளீர் சிவப்பு. கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தாமல் இருக்க முடியாது, வலைக்கு அந்தப் பக்கம் இருந்தே மற்ற குஞ்சுகள் அதைக் குறிவைத்தன. தோல் நிறத்தில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.