லப்டொப்பை மூடித் திறந்தால் வைஃபை வரவில்லையா? புதுக் கார்டுக்குக் காசு கொடுக்க முன் இதைப் பாருங்கள்

திருகோணமலை நகரத்திலுள்ள ஒரு கொம்பியூட்டர் றிப்பெயார் கடை செய்த வேலை இது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையை வேறு யார் செய்தாலும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

லப்டொப் கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் ஒரு மாணவியுடையது. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டது, உள்ளே இன்டெல் வைஃபை கார்ட். மூடி வைத்துவிட்டுத் திறந்தால் வைஃபை வராது, றீஸ்டார்ட் பண்ணினால் வரும். "கார்ட் செத்துப்போச்சு தங்கச்சி, மாத்தத்தான் வேணும்" என்று சொல்லி, புதுக் கார்டுக்கும் கூலிக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். பில்லில் "வைஃபை றிப்பெயார்" என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. பழைய கார்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அது கழற்றப்படவே இல்லை, லப்டொப்புக்குள்தான் இருந்தது.

கார்டை மாற்றாமல் உண்மையில் செய்தது என்ன? மாணவியின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. அதை ரூட்டின் (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கின்) குரோன்டாப்பில், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலில், 5 நிமிடத்துக்கு ஒருதரம் ஓடும்படி போட்டிருந்தார்கள். ஸ்கிரிப்டின் வேலை, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வேர்க் மனேஜரை றீஸ்டார்ட் பண்ணுவது மட்டும்தான். ஸ்லீப்பிலிருந்து எழும்பினாலும் சரி, எழும்பாவிட்டாலும் சரி, நாள் முழுக்க 5 நிமிடத்துக்கு ஒருதரம் இணைப்பு அறுந்து மீண்டும் வரும். சூமில் நடக்கும் விரிவுரை இடையில் நின்று நின்று வந்ததற்குக் காரணம் சிக்னல் இல்லை, இதுதான்.

அதைவிட மோசமானது இரண்டு. ஹோம் ஃபோல்டரிலுள்ள கோப்பை அவருடைய கணக்கில் ஓடும் எந்த மென்பொருளும் மாற்றி எழுதலாம். அப்படி எழுதப்பட்டால் அடுத்த 5 நிமிடத்துக்குள் அது ரூட் அதிகாரத்தோடு ஓடிவிடும். இரண்டாவது, ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்ட உதவும் சூடோவுக்குப் பாஸ்வேர்டே கேட்காமல் விடும் வரி ஒன்றையும் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். குரோனுக்கு அந்த வரி தேவையே இல்லை. வேலையை முடித்துக்கொள்ள வசதியாகப் போட்டதை அப்படியே விட்டுவிட்டார்கள். வீட்டைத் திருத்த வந்தவர் கதவைத் திறந்துபோட்டுப் போனது மாதிரி.

கீழே கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். 'தெரிவு' என்றால் கட்டளைக்குப் பின்னால் சிறு கோடு போட்டுத் தட்டும் எழுத்து.

கார்ட் மாறியதா என்று அறிய, எல்எஸ்பிசிஐ கட்டளையைக் 'கே' தெரிவோடு ஓட்டினால் கார்டின் பெயரும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் தெரியும். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் ஆதாரம் ஆகாது, அதே மொடல் புதுக் கார்டைப் போட்டிருக்கவும் கூடும். பார்க்க வேண்டியது கார்டின் அடையாள எண்ணான மெக் முகவரி. அது கார்டுக்குக் கார்ட் வேறு. ஈத்டூல் கட்டளையைப் பெரிய எழுத்து 'பி' (பெர்மனன்ட் என்பதன் முதலெழுத்து) தெரிவோடும், இடைமுகத்தின் பெயரோடும் (உபுண்டு அந்தக் கார்டுக்கு வைத்திருக்கும் பெயர்) ஓட்டினால், கார்டில் பதிந்திருக்கும் நிரந்தர முகவரி வரும். அதைக் கடைக்குக் கொடுக்க முந்திய பதிவோடு ஒப்பிட வேண்டும். வீட்டு ரவுட்டரின் சாதனப் பட்டியலில் பழைய முகவரி இருக்கலாம். இல்லையென்றால், கணினியின் பதிவுகளைக் காட்டும் ஜேர்னல்சிடிஎல்லில் பழைய பூட்களின் (லப்டொப்பைப் போட்ட முந்திய தடவைகளின்) கேர்னல் பதிவை, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி எழுதிய பதிவைத் தேடுங்கள். இன்டெல் டிரைவர் பல மொடல்களில் ஒவ்வொரு பூட்டின்போதும் கார்டின் முகவரியை அங்கே எழுதும். இந்த லப்டொப்பில் கடைக்குப் போக முந்தியதும் வந்த பிந்தியதும் ஒரே முகவரி.

இனி, இந்தப் பழுது ஏன் வருகிறது என்பது. ஸ்லீப்பில் கார்டுக்குப் போகும் மின்சாரம் குறைகிறது அல்லது நிற்கிறது. எழும்பியதும் டிரைவர் கார்டை மீண்டும் தயார்படுத்தி, கார்டுக்குள் ஓடும் சிறு மென்பொருளான ஃபேர்ம்வெயாரை ஏற்ற வேண்டும். அந்த இடத்தில் டிரைவர் தடுக்கி விழுந்தால் கார்ட் நல்லதாக இருந்தாலும் வைஃபை இல்லை. றீஸ்டார்ட் பண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வருகிற கார்ட் செத்த கார்ட் அல்ல. கடைக்காரர் என்ன சொன்னாலும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்ட் எழுத முன் எது பிழை என்று பாருங்கள். ஆர்எஃப்கில் கட்டளை காட்டும் பட்டியலில் வைஃபை தடுக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் விமானப் பயன்முறைப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும், அவ்வளவுதான். என்எம்சிஎல்ஐ ஜெனரல் என்ற கட்டளைக்கு நிலை 'அஸ்லீப்' என்று வந்தால் டிரைவரில் பிழையில்லை. நெட்வேர்க் மனேஜர்தான் எழும்பவில்லை, அதை றீஸ்டார்ட் பண்ணினால் போதும். இடைமுகமே காணாமல் போயிருந்தால், அல்லது கேர்னல் பதிவில் ஃபேர்ம்வெயார் பிழைகள் வரிசையாக இருந்தால், டிரைவரைக் கழற்றிப் பூட்ட வேண்டும்.

டிரைவருக்கான ஸ்கிரிப்ட் இருக்க வேண்டிய இடம் யூஎஸ்ஆர், லிப், சிஸ்டம்டி, சிஸ்டம்-ஸ்லீப் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் ஃபோல்டர். அங்கேயுள்ள, ஓடும் அனுமதி உள்ள எல்லாக் கோப்புகளையும், உபுண்டுவின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி, லப்டொப் ஸ்லீப்புக்குப் போக முன் 'பிரீ' என்ற சொல்லோடும், எழும்பிய பின் 'போஸ்ட்' என்ற சொல்லோடும் தானாக ஓட்டும். ஆகவே ஸ்கிரிப்ட் முதல் மாறியாக வரும் அந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும். பிரீ என்றால், டிரைவரை ஏற்றவும் கழற்றவும் உள்ள மொட்புரோப் கட்டளையை 'ஆர்' தெரிவோடு ஓட்டி டிரைவரைக் கழற்ற வேண்டும், போஸ்ட் என்றால் மொட்புரோப்பால் மீண்டும் ஏற்ற வேண்டும். இன்டெல்லில் பல மொடல்களுக்கு இரண்டு மொடியூல்கள் (டிரைவரின் பகுதிகள்): ஐடபிள்யூஎல்எம்விஎம், ஐடபிள்யூஎல்வைஃபை. முதலாவதை முதலில் கழற்றுங்கள், இல்லாவிட்டால் "பாவனையில் உள்ளது" என்று மறுக்கும். ஏற்றும்போது இரண்டாவதை மட்டும் ஏற்றினால் மற்றது தானே வரும். ரியல்டெக், ஆதரோஸ் கார்டுகளுக்கு எல்எஸ்பிசிஐ காட்டும் டிரைவர் பெயரைப் போடுங்கள். ஸ்லீப்புக்குப் பிறகு கேபிள் இணைப்பு செத்துப்போகும் ரியல்டெக் போர்ட்டுகளுக்கும் இதே வழிதான்.

உள்ளே சூடோ எழுத வேண்டாம், அது ரூட்டாகவே ஓடுகிறது. அதனாலேயே கோப்பின் உரிமையாளர் ரூட்டாகவும் அனுமதி 755 ஆகவும் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் எழுதும் அனுமதி கூடாது.

வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும். ஓடும் அனுமதி இல்லாவிட்டால் சிஸ்டம்டி சத்தமில்லாமல் அந்தக் கோப்பைத் தாண்டிப் போய்விடும். முதல் வரியில் ஹாஷும் ஆச்சரியக்குறியும் போட்டு, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லின் பாதையை எழுதாவிட்டால் "எக்ஸெக் ஃபோர்மட்" பிழை. விண்டோஸில் எழுதிப் பென்டிரைவில் கொண்டுவந்த கோப்பென்றால், வரிமுடிவில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தால் "கோப்பு இல்லை" என்று வரும். சிஸ்டம்டி-சஸ்பெண்ட் சேவையின் ஜேர்னல் பதிவில் இதெல்லாம் இருக்கும். இணையத்திலுள்ள பல பழைய குறிப்புகள் ஈடிசி, பிஎம், ஸ்லீப்.டி ஃபோல்டரில் போடச் சொல்லும். அது சிஸ்டம்டிக்கு முன் ஸ்லீப்பைக் கவனித்த பிஎம்-யூட்டில்ஸ் காலத்து முறை. உபுண்டு 2015இல் 15.04 வெளியீட்டோடு சிஸ்டம்டிக்கு மாறிய பின், மூடியை மூடித் திறக்கும்போது அந்த ஃபோல்டரை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஸ்கிரிப்டுகள் 'றெஸ்யூம்' என்ற சொல்லை எதிர்பார்ப்பதால் இடம் மாற்றினாலும் வேலை செய்யாது.

நெட்வேர்க் மனேஜரை றீஸ்டார்ட் பண்ணும் வரியை இதே கோப்பில் திணிக்காதீர்கள். சிஸ்டம்-ஸ்லீப் ஃபோல்டரிலுள்ள ஸ்கிரிப்டுகள் முடிந்த பிறகுதான் "எழும்பியாச்சு" என்ற அறிவிப்பு நெட்வேர்க் மனேஜருக்குப் போகிறது. அதற்கு, சிஸ்டம்டியில் ஸ்லீப்பைக் குறிக்கும் சஸ்பெண்ட் டார்கெட்டுக்குப் பின் ஒருதரம் ஓடும் தனிச் சேவைக் கோப்பு எழுதி, இனேபிள் பண்ண வேண்டும். பிறகு சார்ஜரோடும் சார்ஜர் இல்லாமலும், சில நிமிடமும் ஓரிரவும் ஸ்லீப்பில் விட்டுப் பாருங்கள்.

கார்ட் உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. முழுதாக நிறுத்திப் போட்டாலும் எல்எஸ்பிசிஐயில் அது வராவிட்டால் சந்தேகப்படலாம். உப்புவெளி, நிலாவெளி போன்ற கடலோர இடங்களில் உவர்க்காற்றால் முனைகள் களிம்பேறும். கழற்றித் துடைத்துப் பூட்டிப் பார்த்த பிறகே மாற்றுங்கள். கார்ட் பெரும்பாலும் ஒரு திருகாணியிலும் இரண்டு மெல்லிய அன்டெனா வயரிலும்தான் நிற்கும், உங்கள் முன்னாலேயே மாற்றச் சொல்லலாம். பழைய கார்டைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் மொடலும் மெக் முகவரியும் எழுதச் சொல்லுங்கள். ஸ்கிரிப்ட் எழுதித் தந்து அதற்குக் கூலி கேட்டால் கொடுக்கலாம், அது நேர்மையான வேலை. போடாத கார்டுக்குக் காசு வாங்குவது களவு.

ஏற்கனவே கொடுத்து வாங்கியவர்கள் ரூட்டின் குரோன்டாப்பையும், சூடோ அனுமதிகள் எழுதப்படும் சூடோயர்ஸ்.டி ஃபோல்டரையும் இன்றே திறந்து பாருங்கள். தெரியாத வரிகளை எடுத்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். சூடோயர்ஸ் கோப்பை விசூடோ கட்டளை வழியாக மட்டும் திருத்துங்கள், ஓர் எழுத்துப் பிழைத்தாலும் சூடோ பூட்டிக்கொள்ளக்கூடும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டைச் சேவை பெற்று 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பில்லின் பிரதியோடு, இரண்டு தேதியிலும் ஒரே மெக் முகவரி தெரியும் பதிவுகளையும் அச்செடுத்து இணையுங்கள்.