ஒரே நினைவூட்டல் ஆறு முறை: செலரியுடனும் ரெடிஸுடனும் ஐந்து ஆண்டுகள்

பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றின் பின்தளத்தை ஐந்து ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். மாதம் பிறந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டண பில் போட வேண்டும். தண்ணீர் லாரிக் கணக்கைப் பிரித்து அதில் சேர்க்க வேண்டும். ரசீதைப் பிடிஎஃப் ஆக்க வேண்டும். கட்டாதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டு ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இவற்றைச் செய்து முடிக்க இயலாது என்பதால், இந்த வேலைகளைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டோம். இணையப் பயன்பாட்டுக்குப் பைத்தான் மொழியின் ஜாங்கோ, வேலைகளைச் செய்து முடிக்கச் செலரி, வேலைகளை வாங்கி வைத்துக் கொடுக்கும் ப்ரோக்கராக ரெடிஸ், குறித்த நேரத்தில் தட்டி எழுப்பச் செலரி பீட் என்பது எங்கள் ஏற்பாடு.

தொடக்கம் எளிது என்பதை மறுக்க முடியாது. செலரி 2009 முதல் புழக்கத்தில் இருக்கும் கருவி என்பதால், நமக்கு வரும் சிக்கல் பெரும்பாலும் வேறு யாருக்கோ ஏற்கெனவே வந்திருக்கும். ஒரு ஃபங்ஷனின் தலையில் ஒரு வரியைச் சேர்த்தால் அது டாஸ்க், அதாவது பின்னணி வேலை, ஆகிவிடுகிறது; அரை நாளில் எங்கள் முதல் க்யூ (வேலை வரிசை) ஓடத் தொடங்கியது. முதல் ஆண்டில் எந்தப் புகாரும் வரவில்லை. அதற்குக் காரணம் எங்கள் திறமையன்று, வாடிக்கையாளர்கள் குறைவாக இருந்ததே என்பது பின்னர்தான் புரிந்தது.

இரண்டாம் ஆண்டில் மல்லேஸ்வரத்துச் சங்கம் ஒன்றின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். கும்பகோணத்துக்காரர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. “தம்பி, பணம் கட்டச் சொல்லி ஒரே மெசேஜ் எனக்கே ஆறு தடவை வந்திருக்கு. கட்டாதவனுக்கு வந்தா பரவாயில்லை, நான் ஒண்ணாம் தேதியே கட்டிட்டேன்” என்றார். நண்பகலில் அவர் நினைவூட்டலைத் தயாரித்து, மாலை ஆறு மணிக்கு அனைவருக்கும் போகட்டும் என்று குறித்திருந்தார். கட்டியவருக்கும் போனது எங்கள் வடிகட்டியின் பிழை. பத்து நிமிடத்தில் திருத்திவிட்டோம். ஆறு முறை போனதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

செலரியில் ஒரு டாஸ்க்கைப் பின்னொரு நேரத்துக்குத் தள்ளிவைத்தால், அது ரெடிஸில் உறங்கிக் கிடக்கும் என்றே நான் நினைத்திருந்தேன். உண்மையில் வொர்க்கர் (டாஸ்க்குகளை எடுத்து ஓட்டும் செயல்முறை) அதை உடனே எடுத்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, நேரம் வரும்வரை “பெற்றேன்” என்ற ஒப்புதலைத் தராமல் காத்திருக்கிறது. ரெடிஸை ப்ரோக்கராகப் பயன்படுத்தும்போது, ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் விசிபிலிட்டி டைம்அவுட் என்னும் கெடு, நாம் மாற்றாதவரை, ஒரு மணி நேரம். அது கடந்ததும், எடுத்த வொர்க்கர் இறந்துவிட்டது என்று கருதி அதே டாஸ்க் மீண்டும் வரிசையில் இடப்படுகிறது. இன்னொரு வொர்க்கர் அதை எடுத்து வைத்துக்கொள்கிறது. இப்படி மணிக்கு ஒரு நகலாகப் பெருகி, ஆறு மணி அடித்தபோது எல்லா நகல்களும் ஒன்றாக ஓடின. ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நாங்கள்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

கெடுவை 24 மணி நேரமாக உயர்த்திவிடலாம் என்றார் சக ஊழியர் ஒருவர். அப்படிச் செய்தால், ஒரு வொர்க்கர் மெய்யாகவே இறந்துபோகும் நாளில் அதன் கையில் இருந்த வேலை மறுநாள்வரை மீளாது. எனவே நீண்ட தள்ளிவைப்பையே கைவிட்டோம். அனுப்ப வேண்டிய நேரத்தை டேட்டாபேஸில் ஓர் அட்டவணையில் எழுதிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை “நேரம் வந்தவை எவை?” என்று பார்க்கும் சிறிய டாஸ்க் ஒன்றை வைத்தோம். இதனால் செயலாளர் மனம் மாறினால் அந்த வரியை அழித்துவிட்டால் போதும் என்ற வசதியும் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான சிக்கல், வேலை சத்தமில்லாமல் காணாமல் போவது. இயல்பான அமைப்பில் செலரி ஒரு டாஸ்க்கைத் தொடங்குவதற்குச் சற்று முன்பே ஒப்புதலைத் தந்துவிடுகிறது. நடுவில் வொர்க்கர் மடிந்தால் அந்த வேலையை யாரும் தேட மாட்டார்கள். முடிந்த பிறகே ஒப்புதல் தரும்படி அக்ஸ் லேட் என்னும் அமைப்பை மாற்றியும் எங்கள் ரசீதுகள் சில காணாமல் போயின. பிடிஎஃப் உருவாக்கும்போது நினைவகம் வீங்கி, லினக்ஸ் அந்தச் செயல்முறையைக் கொன்றுவிடும்; அப்படித் திடீரென மடியும்போது, அக்ஸ் லேட் இருந்தாலும் செலரி அந்த டாஸ்க்குக்கு ஒப்புதல் தந்துவிடுகிறது. அதைத் தடுக்க ரிஜெக்ட் ஆன் வொர்க்கர் லாஸ்ட் என்ற வேறோர் அமைப்பு இருக்கிறது. அதையும் இயக்கினால், நினைவகத்தைத் தின்னும் அதே ரசீது வொர்க்கர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றுகொண்டே வரிசையில் திரும்பி வரும் ஆபத்து உண்டு. ரசீதை எழுதும் முறையைத் திருத்திய பிறகே அதை இயக்கினோம்.

நேர அட்டவணையில் நாங்கள் பட்ட பாடு வேறு வகை. எங்கள் அமைப்பு யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருந்தது; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. காலை 9 மணி நினைவூட்டலுக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து, கிரான் எழுத்துமுறையில் (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசை) 30 3 * * * என்று எழுதினோம். அது சரியாகவே ஓடியது. அந்தத் துணிச்சலில், ஒன்றாம் தேதி நள்ளிரவு 12:05க்குப் போக வேண்டிய பில்லை 35 18 1 * * என்று எழுதிவிட்டோம். நம் ஒன்றாம் தேதி நள்ளிரவு என்பது யுடிசியில் முந்தைய மாதத்தின் கடைசி நாள் மாலை. அந்தக் கடைசி நாள் 28 முதல் 31 வரை எதுவாகவும் இருக்கலாம், வழக்கமான கிரான் எழுத்துமுறையில் அதைச் சொல்ல வழியில்லை. பில்கள் இரண்டாம் தேதிதான் வந்தன. நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்ற ஒரு வரி போதும். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பீட் எப்போதும் ஒன்றே ஒன்றுதான் ஓட வேண்டும். சர்வரை இரண்டாக்கிய ஒரு வாரத்தில் இதை மறந்து, பீட்டையும் இரண்டாக்கிவிட்டோம். ஒரே மாதத்துக்கு இரண்டு பில்கள். அந்த இரவில்தான், பணம் தொடர்பான எந்த வேலையும் இரண்டு முறை ஓடினாலும் ஒரே விளைவைத் தர வேண்டும் என்பதை நிரலின் கவனத்துக்கு விடாமல் டேட்டாபேஸின் பொறுப்பாக்கினோம். வீட்டு எண்ணும் மாதமும் சேர்ந்த யூனிக் கட்டுப்பாடு அட்டவணையில் இருப்பதால், இரண்டாவது பில் உள்ளே நுழையவே முடியாது. குறுஞ்செய்திக்கு இத்தகைய பூட்டு முழுமையாக அமையாது: அனுப்பிய பின், அனுப்பியதாகக் குறிப்பதற்குள் வொர்க்கர் மடிந்தால் மறுபடியும் போகத்தான் செய்யும். அதை ஏற்றுக்கொண்டோம்.

மூன்றாம் ஆண்டு முடிவில் பில் வேலைகளை மட்டும் செலரியிலிருந்து எடுத்து, எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் அட்டவணை ஒன்றையே க்யூவாக்கினோம். 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்து அதில் ஸ்கிப் லாக்ட் என்னும் வசதி இருக்கிறது. ஒரு வொர்க்கர் பூட்டிய வரியை மற்றது காத்திருக்காமல் தாண்டி அடுத்ததை எடுக்கும். இதன் பெரிய ஆதாயம் வேகமன்று. கட்டணத்தைப் பதிவதும் அதற்கான வேலையை வரிசையில் இடுவதும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (எல்லாம் நடக்கும், அல்லது எதுவும் நடக்காது) நடப்பதால், ஒன்று நின்று மற்றொன்று ஓடுவதில்லை. முன்பு கட்டணம் டேட்டாபேஸில் கமிட் ஆகி நிலைபெறுவதற்குள் செலரி வொர்க்கர் முந்திக்கொண்டு, “அப்படி ஒரு கட்டணமே இல்லை” என்று பிழை தரும். கமிட் ஆன பிறகே வேலையை அனுப்ப உதவும் ஜாங்கோவின் ஆன் கமிட்டைப் போட்டுத்தான் சமாளித்தோம். குறை என்னவென்றால், முடிந்த வேலைகளின் வரிகள் குவிந்து அட்டவணை பருக்கிறது. அவற்றை வாரம் ஒரு முறை அகற்ற வேண்டியிருக்கிறது, அழித்த வரிகளின் இடத்தை மீட்கும் வேக்யூமையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. செலரியில் இலவசமாகக் கிடைத்த மறுமுயற்சி இடைவெளிகளையும் நாங்களே எழுத வேண்டியிருந்தது.

மின்னஞ்சல், படம் சிறிதாக்கல், ரசீது ஆகியவை இன்றும் செலரியில்தான் ஓடுகின்றன. அவற்றை மாற்றும் எண்ணம் இல்லை. புதிதாகத் தொடங்கும் சிறு குழு, ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் வைத்திருந்தால், ப்ரோக்கர் என்று தனியே ஒன்றைச் சேர்க்குமுன் ஓர் அட்டவணை போதுமா என்று பார்ப்பது நல்லது. ரெடிஸைத் தேர்ந்தெடுத்தால் கேஷுக்கு (தற்காலிகச் சேமிப்புக்கு) வைத்திருக்கும் அதே ரெடிஸில் க்யூவைப் போட வேண்டாம்; நினைவகம் நிரம்பும்போது பழையவற்றைத் தள்ளும்படி அமைத்த கேஷ், க்யூவையும் சேர்த்துத் தள்ளிவிடக்கூடும்.

கண்காணிப்புக்குச் செலரிக்கான ஃப்ளவர் என்னும் கருவி இருக்கிறது, ஆனால் நான் அன்றாடம் பார்ப்பது ஒரே ஓர் எண்ணைத்தான்: வரிசையில் மிகப் பழைய வேலை எத்தனை நிமிடமாகக் காத்திருக்கிறது. அது பதினைந்தைத் தாண்டினால் என் கைபேசி ஒலிக்கும். மல்லேஸ்வரத்துச் செயலாளர் அதற்கும் முன்பே அழைத்துவிடுகிற நாள்களும் உண்டு.