புழுக்கத்தை எண்ணாகக் காட்டும் கருவி: ஒரு கோடை முழுவதும் பயன்படுத்திய பின்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் டிஜிட்டல் கருவி இது. மேலே வெப்பநிலை, கீழே காற்றின் ஈரப்பதம், ஓரத்தில் சிறு முகப்படம், அவ்வளவுதான். என் தாயார் உறங்கும் மாடி அறையில் கோடை தொடங்கும் முன்பே இதை மாட்டி, நான்கு மாதங்கள் நாள்தோறும் காலையிலும் இரவிலும் குறித்து வைத்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வானிலை அறிவிப்பில் நாம் கேட்கும் வெப்பநிலை, திறந்தவெளியில், நேரடி வெயில் படாத கூண்டுக்குள் அளக்கப்படுவது. ஆனால் வெப்ப அலை உயிரைப் பறிப்பது பல வேளைகளில் வீட்டுக்குள். 2021 ஜூன் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வீசிய வெப்ப அலையில் 619 பேர் இறந்தனர். அவர்களில் 98 விழுக்காட்டினர் கட்டடங்களுக்குள்ளேயே பாதிக்கப்பட்டு இறந்தவர்கள், பாதிக்கும் மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். இதைப் படித்த பிறகுதான், அம்மாவின் அறைக்குள் உண்மையில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது என்று உறைத்தது.

கருவி முதல் வாரத்திலேயே பதில் சொல்லிவிட்டது. ஓர் இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் வெளி வெப்பநிலை 28 டிகிரி என்றிருந்தது; அறைக்குள் 33. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, அதை இரவு முழுவதும் கட்டிலின் மேல் இறக்கிக்கொண்டிருந்தது. அறை வெப்பநிலை பகலில் 32 டிகிரிக்கும் இரவில் 24 டிகிரிக்கும் கீழே இருக்க வேண்டும், முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இது இன்னும் முக்கியம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. “ராத்திரி தூக்கமே வரலை” என்று அம்மா சொன்னபோதெல்லாம் வயதின் காரணமாக என்று கடந்துபோயிருக்கிறேன். அந்த எண்ணைப் பார்த்தபோது மனம் கனத்தது.

இரண்டாவது எண்ணான ஈரப்பதம்தான் இக்கருவியின் உண்மையான பயன். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. இதைத்தான் நாம் புழுக்கம் என்கிறோம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை இதை நன்றாக விளக்கும்; அது உயர உயர, வியர்வையால் உடல் குளிர்வது கடினமாகும். 40 டிகிரியும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் அது ஏறத்தாழ 23 டிகிரி. 34 டிகிரியும் 75 விழுக்காடும் உள்ள அறையிலோ ஏறத்தாழ 30. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகச் சோதனைகளில், ஈரம் மிகுந்த சூழலில் உடல்நலமுள்ள இளைஞர்களே ஏறத்தாழ 31 டிகிரி ஈரக்குமிழ் வெப்பநிலையில் தங்கள் உடல் வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியாமல் போயினர். முதியவர்களின் எல்லை அதைவிடக் குறைவு. ஆகவே “இன்று வெறும் 34தான்” என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மிகப் பெரிய குறை அந்த முகப்படம். அது வெப்பநிலையைக் கணக்கில் கொள்வதே இல்லை; ஈரப்பதம் 40 முதல் 60 வரை இருந்தால் சிரிக்கிறது. 34 டிகிரியும் 55 விழுக்காடுமாக அம்மா மூச்சுவாங்கிக்கொண்டிருந்த இரவிலும் அது சிரித்தபடியே இருந்தது. நான் அதன்மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். எச்சரிக்கை ஒலி கிடையாது. திரைக்கு விளக்கும் இல்லை. துல்லியத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு: ஈரமாகக் குழைத்த சமையல் உப்போடு கருவியை மூடிய பைக்குள் அரை நாள் வைத்தால் ஈரப்பதம் 75 காட்ட வேண்டும். என்னுடையது 70 காட்டியது. ஐந்தைக் கூட்டிப் படிக்கிறேன். மாட்டும் இடமும் முக்கியம். வெயில் படும் வெளிச்சுவரில் மாட்டியபோது இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டியதால், உட்சுவரில் கட்டில் உயரத்துக்கு மாற்றினேன்.

வெயிலில் வேலை செய்வோருக்கு இது போதாது. சூரியக் கதிர்வீச்சையும் காற்றோட்டத்தையும் இது அளப்பதில்லை. கதிர்வீச்சின் சூட்டை உணரும் கருநிற உருண்டை (கருங்கோளம்) பொருத்திய, வேலைத்தளங்களுக்கான அளவி அவர்களுக்குத் தேவை, அதை வாங்கித் தர வேண்டியவர் முதலாளி. உலகில் 240 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கடும் வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு.

எண்களைக் கண்டபின் எங்கள் வழக்கம் மாறிவிட்டது. உள்ளே இருப்பதைவிட வெளியே சூடு அதிகமாக இருக்கும்வரை சன்னல்களைத் திரையிட்டு மூடிவைக்கிறோம். வெளியே தணிந்ததும் எல்லாவற்றையும் திறக்கிறோம். அறை 40 டிகிரியை எட்டினால் மின்விசிறி சூடான காற்றையே உடல்மேல் வீசும் என்பதால், அதை நிறுத்திவிட்டு அம்மாவைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துவருகிறோம். பேச்சில் குழப்பமோ மயக்கமோ தெரிந்து உடலும் கொதித்தால் எந்த எண்ணையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை உடலை நீரால் நனைத்து விசிற வேண்டும்.

குறைகள் இருந்தும் இரண்டாவது ஒன்றை வாங்கினேன். அது பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரின் கூடத்தில் தொங்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு நான் தொலைபேசியில் அழைப்பேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு எண்களையும் நிதானமாகப் படித்துச் சொல்வார்.