கடலூர், புதுச்சேரியில் வயரிங் வேலை கொடுப்பவர்கள் கவனத்துக்கு: சுவருக்குள் பைப் போகிறதா என்று பாருங்கள்

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு. ஏசிக்கும் மோட்டாருக்கும் வெளியே லைன் எடுத்துக் கொடுத்த கான்ட்ராக்டர், 25 எம்எம் பைப், சுவர்த் துளைக்குத் தனிக் கூலி என்று பில் போட்டு முழுப் பணமும் வாங்கிவிட்டார். ஐப்பசி மழை பிடித்ததும், கரன்ட் கசிந்தால் லைனைத் தானாகத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழ ஆரம்பித்தது. வெயில் அடித்தால் நிற்கும், தூறல் போட்டால் மறுபடி விழும். கேட்டதற்கு "ஏசியில கோளாறு சார்" என்று கைகழுவிவிட்டார்.

பூச்சை உடைத்ததும் தெரிந்தது. துளை வெறும் 16 எம்எம். உள்பக்கப் பைப்பைச் சுவரோடு நிறுத்தி, வெளியே இன்னொரு துண்டை முட்டவைத்து, நடுவே ஒன்பது இன்ச் செங்கலுக்குள் வெறும் ஒயரை இழுத்து மேலே சிமென்ட் பூசியிருக்கிறார்கள். செங்கல் முனையில் உரசி ஒயரின் மேல்தோல் கிழிந்து, ஈரம் ஏறும்போதெல்லாம் கரன்ட் கசிந்திருக்கிறது. இப்படி விழும் ஆர்சிசிபியை "எடுத்துடலாம்" என்று சொல்லும் ஆளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

துளையைச் சின்னதாகப் போடக் காரணம் மெஷின்தான். பெரும்பாலோர் கையில் இருக்கும் சின்ன ஹாமர் மெஷின் 26 எம்எம் வரைதான் போடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பெரிய மெஷினோ, வட்டமாகக் குடைந்தெடுக்கும் கோர் கட்டரோ வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள்.

பிவிசி பைப்பில் சொல்லும் அளவு வெளிவிட்டம். முக்கால் இன்ச் என்பது 20, ஒரு இன்ச் 25, ஒன்னேகால் 32. சுற்றிலும் இரண்டு மூன்று எம்எம் இடைவெளி வேண்டும். ஆகவே துளை போடும் பிட் 20 பைப்புக்கு 25, 25-க்கு 30, 32-க்கு 38. இதைவிடக் குறைந்தால் பைப்பை அடித்துத்தான் ஏற்றுவார்கள், விரிசல் விடும். இடைவெளியை அடைக்கும் சீலன்ட்டும் உள்ளே இறங்காது. இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளர் சுவருக்குள் வரவே கூடாது. ஒரே பைப்பாகப் போய், இரு பக்கமும் ஓர் இன்ச்சாவது வெளியே தெரிய வேண்டும்.

பெரிதாகப் போட்டாலும் ஆபத்துதான். உளியால் கையளவு கொத்திக் கலவை அடைத்தால், சிமென்ட் பிவிசியைப் பிடிக்காது. வெயிலில் பைப் நீண்டு சுருங்கச் சுருங்க, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விழும். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் புயல்களைப் பார்த்த ஊர் இது. காற்றோடு அடிக்கும் மழைக்கு அந்த இடைவெளி போதும். வெளிப்பக்கம், பைப்போடு சேர்ந்து நீண்டு சுருங்கும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்தான் வேண்டும்.

பூச்சோடு சேர்த்தால் ஒன்பது இன்ச் சுவர் ஏறக்குறைய 260 எம்எம் வரும். சாதாரண நீள பிட் எட்டாது. முதலில் நீளமான 10 எம்எம் பிட்டில் வழித்துளை. அது வெளியே பார்த்து ஒரு சென்டிமீட்டர் இறங்கட்டும், தண்ணீர் உள்ளே வராது. பிறகு இரு பக்கமிருந்தும் பெரிய பிட். ஒரே பக்கமாகக் குடைந்தால் எதிர்ப்பக்கப் பூச்சு பெயர்ந்துவிடும். பில்லர், பீம், லிண்டலில் கை வைக்கக் கூடாது. புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புச் சுவர்களில் ஹாமரே வேண்டாம், செங்கல் ஆடிப்போகும். கோர் கட்டரை நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன் மெயினை ஆஃப் செய்யச் சொல்லி, சுவரின் ஒரு பக்கம் ஒயரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பைப் இருந்தால் மறுபக்கம் நகரும். அசையாவிட்டால் அந்த இடத்தின் பூச்சை உடைத்துக் காட்டும்வரை பாக்கியைக் கொடுக்காதீர்கள்.