தொகுதிக்கு ஒரு விலை: கணிப்புச் சந்தையில் சில தேர்தல்கள்

அமெரிக்காவின் 2018 இடைக்காலத் தேர்தல் சமயத்தில் தேர்தல் முடிவின்மேல் பணம் போடும் கணிப்புச் சந்தையான பிரெடிக்ட்இட் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். பின்னால் அதே மாதிரித் தளமான கால்ஷியும் சேர்ந்துகொண்டது. போடுவது சின்னத் தொகைதான். எல்லோரும் அதிபர் தேர்தல் விலையைப் பார்ப்பார்கள். எனக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் இழுபறித் தொகுதிகள்தான் பிடிக்கும். இத்தனை தேர்தல் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது: தேர்தலுக்கு முன் தொகுதி விலை புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. வாக்கு எண்ணும் வாரங்களில்தான் அது பார்க்கத் தகுந்ததாகிறது.

முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் ஜெயிப்பார் என்ற ஒப்பந்தத்தை 62 சென்ட்டுக்கு வாங்கினால், அவர் ஜெயித்ததும் ஒரு டாலர் வரும், தோற்றால் ஒன்றும் கிடையாது. அதனால் 62 என்பதை 62 சதவீத வாய்ப்பு என்று படிக்கிறார்கள். வாக்குச் சதவீதம் அல்ல. இதைக் குழப்பிக்கொள்ளும் நண்பர்கள் எனக்கே இருக்கிறார்கள்.

ஆனால் அந்த 62-ஐ அப்படியே நம்ப முடியாது. பிரெடிக்ட்இட்டில் நான் பழகிய காலம் முழுக்க லாபத்தில் 10 சதவீதம் கமிஷன், பணத்தை வெளியே எடுக்க 5 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெயிப்பது உறுதி என்று தெரிந்த வேட்பாளரை 95 சென்ட்டுக்கு வாங்குகிறீர்கள். ஜெயித்தால் 5 சென்ட் லாபம், அதில் அரை சென்ட் கமிஷன். மீதி 99.5 சென்ட்டை வங்கிக்கு மாற்றும்போது 5 சதவீதம் போனால் கையில் வருவது 94.5 சென்ட். சரியாகக் கணித்தும் நஷ்டம்! அப்புறம் யார் அந்த விலையை 99-க்கு ஏற்றுவார்கள்? எனவே அவர் விலை 95 பக்கம் நின்றுவிட, எதிரில் தோற்கப்போகிறவருக்கு ஐந்தாறு சென்ட் விலை தெரிந்தால் அதை வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பாதி கமிஷன் விட்டுவைத்த மிச்சம். ஒருவர் ஓர் ஒப்பந்தத்தில் 850 டாலருக்கு மேல் போட முடியாது என்ற வரம்பும் இருந்தது. பெரிய கைகள் வந்து விலையைச் சரிசெய்ய வழியே இல்லை.

அடுத்தது கூட்டமின்மை. அதிபர் சந்தையில் வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் ஒரு சென்ட்தான் இடைவெளி. ஒரு சாதாரணத் தொகுதியில் வாங்குவோர் தரத் தயாரானது 48, விற்போர் கேட்பது 61 என்று நிற்கும். யாரோ ஒருவர் அவசரப்பட்டு 61-க்குப் பத்து வாங்கினால், 'முன்னணியில் இருக்கிறார்' என்று படம்பிடித்துப் பரப்புகிறார்கள். நான் கடைசி விலையைப் பார்ப்பதே இல்லை. இடைவெளியையும், எவ்வளவு பணம் கைமாறியிருக்கிறது என்பதையும்தான் பார்ப்பேன்.

தேர்தலுக்கு முன் விலை எப்போது நகர்கிறது? பெரும்பாலும் தொகுதிகளை எடைபோடும் குக் பொலிட்டிகல் ரிப்போர்ட் என்ற இதழ் தன் மதிப்பீட்டை மாற்றும்போது, இல்லையென்றால் ஒரு கருத்துக்கணிப்பு வரும்போது. அதாவது எல்லோருக்கும் தெரிந்ததன் எதிரொலி. அந்த மூலமே தவறினால் சந்தை என்ன செய்யும்? 2022-இல் வாஷிங்டன் மாநிலத்தின் 3-ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் மேரி க்ளூசன்கேம்ப் பெரஸுக்கு ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற தேர்தல் கணிப்புத் தளம் கொடுத்த வாய்ப்பு 100-க்கு 2. அவர் குடியரசுக் கட்சியின் ஜோ கென்ட்டை ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதே தேர்தலில், குடியரசுக் கட்சிக்குப் பத்திரமான இடம் என்று கருதப்பட்ட கொலராடோ 3-ஆம் தொகுதியில் அக்கட்சியின் லாரன் போபர்ட் 546 வாக்குகளில்தான் தப்பினார்.

எண்ணிக்கை தொடங்கியபின் கதை வேறு. கலிஃபோர்னியாவில் தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்த வாக்குகள் ஒரு வாரம் கழித்து வந்தாலும் செல்லும். வாக்கு உறையில் கையெழுத்துப் பொருந்தாதவர்களுக்குத் திருத்த அவகாசமும் உண்டு. 2024-இல் அங்கே 13-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் ஜான் டுவார்ட்டே வாரக்கணக்கில் முன்னிலையில் இருந்தார். நவம்பர் கடைசியில் ஜனநாயகக் கட்சியின் ஆடம் கிரே முந்தி, 187 வாக்குகளில் ஜெயித்தார். முடிவு தெரிந்தது டிசம்பர் 3. இம்மாதிரித் தொகுதிகளில் எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) எத்தனை வாக்கு மிச்சம், அது எந்தப் பக்கம் சாயும் என்று உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் சந்தைக்குள் வருகிறார்கள். டிவியில் முன்னிலை ஒருவருக்கும், விலை மற்றவருக்கும் சாதகமாக இருப்பதை அப்போது பார்க்கலாம். எனக்கு இந்தச் சந்தையால் கிடைத்த உபயோகம் முக்கால்வாசி இந்த வாரங்களில்தான்.

பணம் போடுவதானால் விதிகளை முதலில் படியுங்கள். 'வெற்றி' என்றால் செய்தி நிறுவனம் அறிவிப்பதா, மாநிலம் சான்றளிப்பதா, பதவியேற்பதா? 2020-இல் அயோவா மாநிலத்தின் 2-ஆம் தொகுதியில் மரியானெட் மில்லர்-மீக்ஸ் 6 வாக்குகளில் ஜெயித்ததாக மாநிலம் சான்றளித்தது. எதிர்த்து நின்ற ரீட்டா ஹார்ட் பிரதிநிதிகள் சபையிலேயே முறையிட்டு, 2021 மார்ச் கடைசியில்தான் அதைத் திரும்பப் பெற்றார். விதி தெளிவாக இல்லையென்றால் அதுவரை உங்கள் பணமும் அந்தரத்தில்தான்.

தளங்களும் அந்தரத்தில் தொங்கியவைதான். பிரெடிக்ட்இட் 2023 பிப்ரவரிக்குள் மூட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. வழக்குப் போட்டுத் தப்பியது. கால்ஷியும் நீதிமன்றம் போய்த்தான் 2024 அக்டோபரில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தேர்தல் ஒப்பந்தங்களைத் திறந்தது. அங்கே வரம்பும் கமிஷனும் அவ்வளவு உறுத்தவில்லை, ஆனால் அதிகம் பேசப்படாத தொகுதிகளில் வாங்கி விற்க ஆள் குறைவு என்ற குறை அப்படியே இருக்கிறது.

2026-க்குப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் 2025-இல் தொகுதி எல்லைகளையே மாற்றிவிட்டன. எண் பழையதாக இருக்கும், உள்ளே இருக்கும் வாக்காளர்கள் வேறு. பழைய வித்தியாசத்தை மனதில் வைத்து விலை மலிவு என்று பாய்வதற்குமுன் புது வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.