சிங்கப்பூர் தேக்கா பக்கத்துக் கிளினிக்கில் ஹெபடைட்டிஸ் பி ஊசி
அண்ணனுக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தொற்று இருப்பது தெரிந்ததும் ரத்தப் பரிசோதனைக்கு இங்கேதான் போனேன். டாக்டர் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார்: சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1987 முதல்தான் இந்த ஊசி, அதனால் அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது, ரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு என்றுதான் பரவும், சேர்ந்து சாப்பிடுவதால் தொற்றாது என்று. வீட்டில் அண்ணனுக்குத் தனித்தட்டு வைத்திருந்தார்கள், இதைக் கேட்டபிறகுதான் மனசு ஆறியது. எனக்கு நோயும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை. மூன்று ஊசி: இன்று, ஒரு மாதத்தில், அப்புறம் ஆறாம் மாதம். பணத்தை என் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். ஒரே குறை, கவுண்டரில் எல்லார் முன்னும் நோயின் பெயரைச் சத்தமாகக் கேட்கிறார்கள், அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.