தண்டர்பேர்ட்: ஜிமெயிலுக்கு இரண்டு நிமிடம், சொந்த டொமைனுக்குக் கொஞ்சம் பொறுமை

நான்கு மெயில் கணக்குகளை நான்கு டேப்களில் திறந்து வைத்து வேலை பார்ப்பவர்களுக்கான செயலி தண்டர்பேர்ட். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லா குடும்பத்தைச் சேர்ந்தது. 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது; 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பில்தான் தோற்றம் இன்றைய காலத்துக்கு ஏற்ப மாறியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம், இன்பாக்ஸுக்கு நடுவே விளம்பரம் வராது. வேறு கணக்குகளின் மெயிலை பாப் (செர்வரிலிருந்து மெயிலை இறக்கிக்கொள்ளும் முறை) வழியாக ஜிமெயிலுக்குள் இழுத்துக் காட்டும் வசதியை 2026 முதல் நிறுத்துவதாக கூகுள் அறிவித்ததால், இப்படி ஒரு செயலியின் தேவை கூடியிருக்கிறது.

ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் என்றால் சொல்ல அதிகமில்லை. பெயரும் முகவரியும் கொடுத்தால் செர்வர் விவரங்களைத் தானே எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் லாகின் பக்கத்தைத் திறக்கும். அங்கே அனுமதி கொடுத்ததும் இன்பாக்ஸ் நிரம்பத் தொடங்கும். இதற்கு ஓஆத்2 என்று பெயர். பழைய வீடியோக்களைப் பார்த்து இந்த இடத்தில் 'நார்மல் பாஸ்வேர்டு' தேர்ந்தெடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் வைத்து வெளிச் செயலிகளை உள்ளே விடுவதை, தனிநபர் கணக்குகளில் ஜிமெயில் 2022 மே இறுதியிலும் அவுட்லுக் 2024 செப்டம்பரிலும் நிறுத்திவிட்டன. எத்தனை முறை சரியாக அடித்தாலும் தவறு என்றுதான் வரும். லாகின் பக்கம் வெள்ளையாகவே நின்றால் தண்டர்பேர்டின் பிரைவசி செட்டிங்ஸில் குக்கீ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரின் குக்கீ வேறு, இது வேறு.

சொந்த டொமைன் (உங்கள் நிறுவனத்தின் இணையப் பெயர்) முகவரியில்தான் செயலியின் பலவீனம் தெரிகிறது. முகவரியைக் கொடுத்ததும், அந்த டொமைன் வெளியிட்ட அமைப்புக் கோப்பு இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் மொசில்லாவின் பட்டியலைப் பார்க்கும். அதிலும் இல்லையென்றால் டொமைனுக்கு முன்னால் 'ஐமேப்', 'மெயில்' என்று ஒட்டிக் கதவு கதவாகத் தட்டும். இந்தக் கடைசிக் கட்டம் வெறும் ஊகம், ஆனால் திரையில் காட்டும்போது ஏதோ உறுதியாகத் தெரிந்ததுபோலக் காட்டுகிறது. அதை அப்படியே ஏற்காமல், அமைப்பைத் திருத்தும் பக்கத்துக்குப் போய்க் கையால் நிரப்புவது மேல்.

சி-பேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் வெப் பக்கம்) தரும் ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் இதுதான் கணக்கு: வரும் மெயிலுக்கு ஐமேப் (மெயிலைச் செர்வரிலேயே வைத்துக் காட்டும் முறை), செர்வர் பெயர் 'மெயில்' போட்டு ஒரு புள்ளி, பிறகு உங்கள் டொமைன், போர்ட் 993, இணைப்பை மறைகுறியாக்கும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். போகும் மெயிலுக்கு அதே செர்வர், போர்ட் 465, அதே எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். ஹோஸ்டிங்காரர் 587 என்று சொல்லியிருந்தால் அதற்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற இன்னொரு மறைகுறியாக்க முறை. போர்ட்டும் முறையும் ஜோடி மாறினால் பிழை என்றுகூடச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி டைம்அவுட் ஆகும். யூசர்நேம் இரண்டு பக்கமும் முழு முகவரி. @-க்கு முன்னால் இருப்பதை மட்டும் போட்டால் ஏற்காது. 'மெயில் வருகிறது, அனுப்பத்தான் முடியவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டியது போகும் செர்வரின் ஆத்தென்டிகேஷன். அது 'நோ' என்று இருந்தால், யாரென்று தெரியாதவரின் மெயிலை வெளியே அனுப்ப செர்வர் மறுத்துவிடும்.

செர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்தால் 'எக்ஸெப்ஷன்' பட்டனை உடனே அழுத்தாதீர்கள். பல நேரம் சான்றிதழ் ஹோஸ்டிங் நிறுவனத்தின் செர்வர் பெயரில் இருக்கும், நீங்கள் உங்கள் டொமைனைக் கொடுத்திருப்பீர்கள். சி-பேனலின் 'கனெக்ட் டிவைசஸ்' பக்கத்தில் காட்டும் செர்வர் பெயரைப் போட்டால் எச்சரிக்கை போய்விடும். டொமைனின் டிஎன்எஸ் (பெயரைச் செர்வரோடு இணைக்கும் பதிவுகள்) கிளவுட்ஃப்ளேர் சேவையில் இருந்தால் இன்னொரு சிக்கல்: 'மெயில்' பதிவுக்கு ஆரஞ்சு மேகம் (கிளவுட்ஃப்ளேரை இடைத்தரகராக வைக்கும் ப்ராக்ஸி) போட்டிருந்தால் இணைப்பே கிடைக்காது, ஏனென்றால் அந்தப் ப்ராக்ஸி வெப் போக்குவரத்துக்கு மட்டும்தான். அந்த ஒரு பதிவை ப்ராக்ஸி இல்லாத சாம்பல் மேகமாக மாற்ற வேண்டும்.

இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு கணக்குக்கும் எந்த எஸ்எம்டிபி (மெயிலை வெளியே அனுப்பும் செர்வர்) என்று அக்கவுண்ட் செட்டிங்ஸின் முதல் பக்கத்திலேயே, கீழே இருக்கிறது. கடை முகவரிக்கு அங்கே ஜிமெயில் செர்வர் தேர்வாகியிருந்தால் மெயில் போய்ச் சேரும், ஆனால் ஜிமெயில் அனுப்புநர் இடத்தில் தன் முகவரியை மாற்றிப் போட்டுவிடும். வாடிக்கையாளர் பார்ப்பது கடையின் பெயரை அல்ல, உங்கள் சொந்த ஜிமெயிலை.

ஜோஹோ மெயில் வைத்திருக்கும் நம் ஊர் நிறுவனங்கள் நிறைய. இந்தியக் கணக்கென்றால் செர்வர் பெயர் 'டாட் இன்'-இல் முடிய வேண்டும், 'டாட் காம்' அல்ல. சொந்த டொமைனுக்கு ஐமேப்ப்ரோ, எஸ்எம்டிபிப்ரோ என்று தொடங்கும். முதலில் ஜோஹோவின் வெப் செட்டிங்ஸில் ஐமேப்பை இயக்கிவிட்டு வர வேண்டும். இரண்டு கட்டப் பாதுகாப்பு இருந்தால் செயலிக்கென்று தனிப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். சொந்த டொமைனுக்கான இலவசத் திட்டத்தில் ஐமேப் கிடையாது. தண்டர்பேர்டோடு எவ்வளவு மல்லுக்கட்டினாலும் வேலைக்காகாது.

பாப் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒன்று. இந்தச் செயலியில் எனக்குப் பிடிக்காத ஒரே முன்னமைப்பு இதுதான். 'செர்வரிலேயே விட்டு வை' என்பதோடு 'அதிகபட்சம் 14 நாள்' என்பதும் சேர்ந்தே டிக் ஆகியிருக்கும். மூன்றாவது வாரம் போனில் பழைய மெயிலைத் தேடினால் காணாமல் போயிருக்கும். அது இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். அந்த டிக்கை எடுங்கள், அல்லது ஐமேப்பே போடுங்கள்.

ஐமேப்பில் டிஸ்க் இடம்தான் பிரச்சினை. ஜிமெயிலின் லேபிள்கள் இங்கே ஃபோல்டர்களாக வரும், 'ஆல் மெயில்' என்ற ஃபோல்டரும் கூடவே வரும். 12 ஜிபி மெயில் உள்ளவர் 256 ஜிபி லேப்டாப்பில் எல்லாவற்றையும் இறக்கத் தேவையில்லை. 'சிங்க்ரனைசேஷன்' பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' போய் அந்த ஃபோல்டரின் டிக்கை எடுத்தால் போதும். மெயிலை அழித்ததும், அதைத் தண்டர்பேர்ட் சேமித்திருக்கும் கோப்பு சுருங்கிவிடாது. 'காம்பேக்ட்' செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும்.

தண்டர்பேர்ட் 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் 'எக்ஸ்போர்ட் ஃபார் மொபைல்' கொடுத்துக் கியூஆரைப் போனில் காட்டினால் செர்வர் விவரங்களை மறுபடி அடிக்க வேண்டியதில்லை. ஓஆத்2 கணக்குகளுக்கு மட்டும் போனில் தனியாக லாகின் செய்ய வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் செட்டிங்ஸில் 'பிரைமரி பாஸ்வேர்டு' போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால், சேமித்த பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் உட்காரும் வேறொருவர் செட்டிங்ஸைத் திறந்து படிக்க வாய்ப்பிருக்கிறது.